கட்டைவிரலுக்கு அடியில்

இரவு பதினொன்றே கால். செம்பூர்.
ஆவணக் காப்பகத்தின் பக்கம் அவசரமில்லாமல் திறக்கிறது.
முதலில் சாம்பல் கட்டம், அப்புறம் மங்கல், அப்புறம்
ஒரு ரயில் நிலையம்:
மையில் இழுத்த ஓட்டுக்கூரை, கைப்பம்பு,
யாரும் கேட்காமலே வரைந்த ஒரு புளியமரம்.
நடைமேடையின் வெட்டுத்தோற்றம் இருக்கவேண்டிய மூலையில்
ஒரு கட்டைவிரல்.

ஸ்கேன் செய்தவருடையது.
நகத்தில் பாதி உதிர்ந்த சிவப்புச் சாயம்.
எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்பதெல்லாம்
அதற்கு அடியில்.

செம்பூரிலிருந்து அந்தேரிக்கு
ஆறே வருடம் ஓடிய பாதை.
பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.
பழைய வரைபடத்தை இன்றைய சாலையின்மேல் போட்டுப் பார்த்தேன்.
தினமும் என் ஆட்டோ நகராமல் நிற்கும் இடம்
லெவல் கிராஸிங்.
அன்றைக்கும் நின்றிருப்பார்கள்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
சயானில் லேப். மெழுகு, அக்ரிலிக், பல் ஜிப்சம்.
முகம் தெரியாதவர்களின் வாய்கள்
அட்டைப்பெட்டியில் வந்து சேரும்.
விழுந்த கடைவாய்ப்பல்லின் உயரத்தை
எதிர்ப்பல்லின் தேய்மானம் சொல்லும்.
எனக்குச் சம்பளமே
இல்லாததைப் பக்கத்தில் இருப்பதிடம் கேட்பதற்குத்தான்.

"ரெண்டு மில்லி கூடினா ரயில் கோவிச்சுக்குமா?"
தூக்கத்தில் புரண்டு கேட்கிறார் தார்சியுஸ்.
பல்லில் இரண்டு மில்லி கூடினால்
வாயே மூடாது என்கிறேன்.
மூடிக்கொள்கிறார்.

கேட்டுக்கொண்டே போனேன். 'இதர மனுக்கள்' என்ற கோப்பில்,
ஒரு பசுமாட்டுக்கும் காணாமல்போன குடைக்கும் நடுவில்
ஜானுபாய் தாண்டேல்:
கீழ்ப்படியிலிருந்து மேடை என் முழங்கால் ஆழம்,
தலையில் கூடையோடு இறங்க முடியவில்லை,
பொம்பில் மீன் அத்தனையும் சிந்திவிட்டது,
நஷ்டம் ரூபாய் ஒன்று, அணா நான்கு.
மனு எழுத்தரின் வளைந்த கையெழுத்து.
கீழே அவளுடைய பெருவிரல் ரேகை.
ஓரத்தில் யாரோ பென்சிலில்: கோப்பில் வைக்கவும்.
வைத்திருக்கிறார்கள்.

எழுந்து சுவரோடு நின்று
குதிகாலிலிருந்து என் முழங்காலை அளந்தேன்.
நாற்பத்தேழு சென்டிமீட்டர்.
அவள் குட்டையாக இருந்திருக்கலாம். நெட்டையாகவும்.
பெட்டியின் கீழ்ப்படி இரண்டடி மூன்றங்குலம்,
அது வேறொரு வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது.
கழித்து, எண்பத்தேழால் வகுத்தால்
இரண்டரை மில்லிமீட்டர்.
அந்தக் கனத்துக்கு ஜிப்சம் ஊற்றினேன்.
பெட்டியின் கிரீம் பட்டைக்குப் பல்நிற அட்டையை வைத்துப் பார்த்தேன்:
ஐம்பது வயது, நிறைய டீ.
புகைப்படம் கறுப்புவெள்ளை. யார் வந்து மறுக்கப் போகிறார்கள்.

காப்பகத்துக்கு எழுதியதற்கு
மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.
மன்னிக்கவும், புதிய நகல் இணைப்பில்.
திறந்தேன். விரல் இல்லை.
விரல் இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டைக்கு அந்தப்பக்கம் ஸ்கேனரின் வெள்ளை.

பழைய நகலை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.
நகத்தின் ஓரமாக ஒரு கிழிசல், மயிரிழை அளவு.
உதிரப்போன துண்டை
அந்த விரல் அமுக்கிப் பிடித்திருந்தது.
மூன்று வாரமாக அதைத் திட்டியிருக்கிறேன்,
தமிழில் ஒருமுறை, மராத்தியில் இருமுறை.

இரண்டு நகலையும் வைத்துக்கொண்டேன்.

ஜானுபாயைச் செய்து முடிக்க ஒரு ஞாயிறு ஆனது.
ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்,
அச்சுமெழுகு, ஒன்பது கஜச் சேலை.
கூடையில் மீன் என்பது பல்நூல் துணுக்குகள்.
ஒரு காலைப் படியில் ஒட்டினேன்.
இன்னொரு காலை எதிலும் ஒட்டவில்லை.
அதற்கும் மேடைக்கும் நடுவே
ஒரு காகிதம் நுழையும்.

தார்சியுஸ் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.
"விழுந்துருவாளா?"
தெரியாது என்றேன். கூடையை மட்டும்
இன்னும் கொஞ்சம் பசை போட்டு இறுக்கினேன்.